ஊறுகாய் கொடுத்த ஆறு பாயின்ட்

வெண்டல் ஹக்கபியைக் கராஜ் கதவு மாட்டக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கதவில் அப்படியொன்றும் அக்கறை கிடையாது. அவர் ஏணியைச் சாய்த்து, ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் காபிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நிற்பார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை, டிரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருவார்.

"மிஸ்டர் ஹக்கபி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஊறுகா மட்டும் குறுக்க வரலைன்னா, நீங்க கோட்டுக்குப் போய்ச் சேந்திருப்பீங்களா?"

"சேந்திருப்பேன்" என்பார் வெண்டல். சொன்ன சூட்டில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கிவிடுவார். டக்கர்ஸ் ஃபோர்க்கில் பல வீடுகளில் பொத்தானைத் தொட்டதுமே கராஜ் கதவு துள்ளிக்கொண்டு மேலே போய் இடிப்பதற்கு இதுதான் காரணம். ஆர்கன்சா மாநிலத்தில் வேறெந்த ஊரிலும் கதவுகளுக்கு இவ்வளவு ஆவேசம் கிடையாது.

கேட்கிறவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரிலிருந்து ஒரு செனட்டர் வந்ததில்லை, பாட்டுக்காரர் வந்ததில்லை. டிவியில் தெரிந்த ஒரே ஆள் வெண்டல்தான். அவரும் ஊறுகாய்க்கு அடியில் கிடந்த நிலையில்தான் தெரிந்தார்.

நடந்தது எண்பதுகளின் நடுவில். அப்போது வெண்டல் கல்லூரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகும் வரைக்கும் 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம்; அந்த வயதில் அவனை மரியாதையாகக் கூப்பிட்டவர் யாருமில்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் நாட்டு ஃபுட்பாலில் அவன் தடுப்பு வரிசைக்காரன். எதிராளி பந்தை எடுத்ததும் அந்த ஆள் மேல் போய் விழுவது வெண்டலின் வேலை. உடம்பு அதற்குத் தோதாக இருந்தது. பந்தைத் தொடும் அவசியமே அந்த வேலையில் இல்லை. நாலு வருஷத்தில் அவன் பந்தைக் கையில் எடுத்தது ஒரே ஒரு தடவை, பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போனதை எடுத்துக் கொடுத்தபோதுதான்.

அந்த வருஷம் அவனுடைய கல்லூரி பாதி ஆட்டம் ஜெயித்தது, பாதி தோற்றது. பருவம் முடிந்து டிசம்பரில் நன்றாக ஆடிய கல்லூரிகளை அழைத்து பௌல் ஆட்டங்கள் நடத்துவார்கள். சுமாராக ஆடிய கல்லூரிகள் மேலும் யாராவது ஒரு கம்பெனி மனம் இரங்கும். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு ரோஜாப்பூ பேரிலும் ஆரஞ்சுப் பழத்தின் பேரிலும் ஆட்டம் கிடைக்கும். இவர்களுக்கு வாய்த்தது பிராட்டர் ஊறுகாய் பௌல். லூசியானாவில் ஆற்றோரமாக ஒரு நகரம், பாதி காலியான ஸ்டேடியம், எலும்புக்குள் இறங்கும் ஈரக் காற்று. டிக்கெட் வாங்கினால் ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய் இலவசம். எதிரணி, பச்சைச் சட்டை போட்ட டெக்சாஸ்காரர்கள்.

பிராட்டர் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஊறுகாய்க்கு ஒரு வேஷம் தைத்திருந்தார்கள். ஆளைவிட உயரமான பச்சை வெள்ளரிக்காய். உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும். மேலே ஒரு பட்டாளத்துத் தொப்பி, நடுவில் ஒரு வெள்ளை மீசை. பேர் 'கர்னல்'. ஆட்டம் முழுக்க ஒளிபரப்பில் கர்னல் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது டிவிக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம். அதனால் பந்து எந்தப் பக்கம் போகிறதோ கர்னலும் மைதானத்து ஓரமாக அந்தப் பக்கம் தத்தித் தத்தி ஓட வேண்டும்.

கர்னலுக்குள் இருந்தது ட்வைலா என்ற பெண். உள்ளூரில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வேலை என்று சொன்னார்கள், போட்டுக்கொண்டாள். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, பார்ப்பதற்கு மீசைக்குக் கீழே ஒரே ஓட்டை. அதன் வழியாக அவளுக்குத் தெரிந்தது அவளுடைய ஷூவும் அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்லும் மட்டுமே.

ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிஷம். டெக்சாஸ்காரர்கள் மூன்று பாயின்ட் முன்னால் இருந்தார்கள். பந்தும் அவர்களிடம்தான் இருந்தது. பந்தை எறிய நின்ற பையன் மேல் வெண்டல் வழக்கம்போலப் போய் விழுந்தான். அந்த விழுகையில் பந்து நழுவித் தரையில் ஒரு குதி குதித்து நேராக வெண்டலின் வயிற்றில் வந்து ஒட்டிக்கொண்டது. வெண்டல் எழுந்து நின்று அதைப் பார்த்தான். என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"ஓடுடா தடியா!" என்று கத்தினார் கோச். "அங்க இல்ல! அந்தப் பக்கம்!"

வெண்டல் ஓடினான். முன்னால் ஒரு ஜனம் கிடையாது. வெறும் புல், அதன் முடிவில் வெள்ளைக் கோடு. அதைத் தாண்டினால் டச்டவுன், ஆறு பாயின்ட், ஜெயம். பின்னால் க்ளிஃப்டன் யேட்ஸ் துரத்திக்கொண்டு வந்தான். டெக்சாஸ் அணியில் அவனைவிட வேகமாக ஓடுகிற ஆள் கிடையாது. பந்து தன்னிடம் வீசப்படும் என்று மைதானத்தின் மறு கோடியில் காத்திருந்தவன், திரும்பி அங்கிருந்து ஓடிவந்தான்.

கோட்டுக்கு இன்னும் பன்னிரண்டு கெஜம். அந்த நேரத்தில் ஓரமாக ஓடிக்கொண்டிருந்த கர்னலின் கால் கேமரா கேபிளில் சிக்கியது. கர்னல் தடுமாறினார், கையை வீசினார், சமாளிக்கிறேன் என்று நாலைந்து எட்டு வைத்தார். எல்லா எட்டும் மைதானத்துக்குள்ளேயே விழுந்தன. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, வெண்டல் யார் மேலும் விழாமல் வெண்டல் மேல் ஒன்று வந்து விழுந்தது. ஊறுகாயும் அவனும் கட்டிப் புரண்டு எழுந்தபோது வெண்டலின் முன்பல்லில் பாதியைக் காணவில்லை.

நடுவர் லீமன் பெட்டஸ் விசிலை ஊதிவிட்டு, ஊதிய வாயை மூடாமலே நின்றார். ஓடுகிறவனை வெளியாள் யாராவது புகுந்து தடுத்தால், தடுக்காமல் இருந்தால் என்ன நடந்திருக்குமோ அதை நடுவர் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. வெளியாள் ஊறுகாயாக இருந்தால் என்ன செய்வது என்று இல்லை.

டெக்சாஸ் கோச் ஓடிவந்தார். "ஊறுகா எங்க ஆளா? அது பண்ணினதுக்கு எங்களுக்கு ஏன்யா தண்டனை?"

"பச்சை உங்க கலர்தானே!" என்றார் ஆர்கன்சா கோச்.

"யோவ், அது வெள்ளரிக்காயோட கலர்யா!"

"இவன் பின்னாடி யேட்ஸ் வந்துட்டிருந்தான். இன்னும் மூணு எட்டுல பிடிச்சிருப்பான்!" என்றார் டெக்சாஸ் கோச் மறுபடியும்.

"உங்க யேட்ஸ் பக்கத்துக் கவுண்டியில இருந்தான்!"

லீமன் பெட்டஸ் உதவி நடுவர்களைக் கூட்டி வைத்து வெகுநேரம் பேசினார். பிறகு மைக்கை எடுத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி அறிவித்தார்: "மைதானத்துக்குள் ஒரு... வெளியாள்... ஒரு காய்... நுழைந்து தடுத்த காரணத்தால், டச்டவுன் வழங்கப்படுகிறது."

ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது. அணி வெண்டலைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை, தட்டிக்கொடுத்துவிட்டு கோச்சைத் தூக்கிக்கொண்டு போனது. அவன் திரும்பிக் கோட்டைப் பார்த்தான். அதை அவன் தாண்டவே இல்லை.

டிவியைப் பார்த்தாலாவது தெரியுமா என்றால், ஒப்பந்தம் கெடுத்துவிட்டது. கேமரா கர்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. பதிவில் ஓர் ஊறுகாய் ஓடுகிறது, தடுக்குகிறது, எங்கிருந்தோ ஒரு தடிப் பையன் வருகிறான், அப்புறம் நாலு கால் தெரிகிறது. க்ளிஃப்டன் யேட்ஸ் எவ்வளவு தூரத்தில் வந்தான் என்பது படத்தில் இல்லை.

அன்று சாயங்காலம் உடை மாற்றும் அறை வாசலில் ட்வைலா, கழற்றிய ஊறுகாய்த் தலையை இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"நான்தான் ஊறுகா. மன்னிச்சுக்கோ" என்றாள். "கேபிள் தடுக்கிடுச்சு."

"பாதிப் பல்லு போயிடுச்சு" என்றான் வெண்டல்.

"தெரியும். எடுத்து வச்சிருக்கேன்."

ஒரு ஜாடி மூடியில் வைத்து நீட்டினாள். தன் பல்லை இவ்வளவு பத்திரமாக ஒருத்தி பொறுக்கி வைத்திருந்ததில் வெண்டல் விழுந்துவிட்டான். அடுத்த வசந்த காலத்தில் கல்யாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒரு கேக் செய்வார்கள். மான் தலை போலவோ மீன் போலவோ இருக்கும். ட்வைலாவின் அக்கா ஊறுகாய் போலச் செய்துவிட்டாள், மீசையோடு. வெண்டல் சிரித்துக்கொண்டேதான் வெட்டினார். ஆனால் மீசை இருந்த துண்டை அவர் சாப்பிடவில்லை.

எங்கள் ஊரில் அந்தத் தம்பதியைப் போல ஒற்றுமையாக வாழ்ந்தவர்கள் குறைவு. ட்வைலா கவுண்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெண்டல் கதவு மாட்டினார். ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்து மெம்ஃபிஸ் போனாள். வெள்ளிக்கிழமை பொரித்த கெளுத்தி மீன், ஞாயிற்றுக்கிழமை சர்ச். அவர்களுக்குள் வந்த ஒரே சண்டை அந்தப் பழைய ஆட்டத்தைப் பற்றித்தான். அதுவும் சண்டை என்று சொல்ல முடியாது, ஒரு கேள்வி.

"நீ பக்கத்துலதானே இருந்தே. யேட்ஸ் எவ்வளவு தூரத்துல வந்தான்?"

"வெண்டல், நான் பாத்தது என் ஷூவும் உன் ஷூவும்தான்."

"அவன் ஷூ தெரிஞ்சுதா?"

"தெரியலைன்னு எத்தனை தடவை சொல்றது?"

மகள் பிறக்கிற நேரத்தில், வலியில் ட்வைலா அவர் கையை நொறுக்கிக்கொண்டிருந்தபோதுகூட, உண்மையை மறைக்க மாட்டாள் என்று நினைத்தோ என்னவோ, குனிந்து காதோரமாகக் கேட்டார். அந்த நேரத்தில் அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கேலிக்கூத்து. அவருக்கு அப்படி இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவருக்கு முன்னால் ஒருத்தரும் இல்லாத மைதானம் கிடைத்தது. அதன் முடிவில் இருந்ததை அவரே எடுத்துக்கொள்வதற்குள் யாரோ எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததைத் திருப்பவும் முடியவில்லை, என்னுடையது என்று சொல்லவும் முடியவில்லை. ஊரில் யாராவது அவர் முதுகைத் தட்டும்போதெல்லாம் அவருக்குள் ஏதோ ஒன்று சுருங்கியது.

ஆறவிடலாம் என்றால் க்ளிஃப்டன் யேட்ஸ் விடவில்லை. அவர் டெக்சர்கானாவில் பல் டாக்டராகிவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரிடமிருந்து குடும்பப் படம் போட்ட வாழ்த்து அட்டை வரும். பின்பக்கத்தில் ஒரே வரி: 'பிடித்திருப்பேன். அன்புடன், க்ளிஃப்டன்.' பிள்ளைகள் வளர்ந்தார்கள், நாய்கள் மாறின, வரி மட்டும் மாறவில்லை. ஒரு வருஷம் கீழே இன்னொன்றும் சேர்த்திருந்தார்: வெண்டலின் பல்லை இலவசமாகக் கட்டித் தருவார்; நாற்காலியில் சாய்ந்தபடி 'பிடித்திருப்பாய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வெண்டல் பாதிப் பல்லோடேயே வாழ்ந்தார். சோளத்தை ஒரு பக்கமாகக் கடிப்பார். சர்ச்சில் பாடும்போது விசில் வரும். வேறு டாக்டரிடம் போகலாமே என்று ட்வைலா சொல்லிப் பார்த்தாள். அப்படிப் போனால் பயந்ததாக ஆகிவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

போன வருஷம் பௌல் கமிட்டியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். நாற்பதாவது ஆண்டு வருகிறதாம். இடைவேளையில் அந்த ஓட்டத்தை அதே இடத்திலிருந்து மறுபடியும் நடத்திக் காட்டப் போகிறார்கள். வெண்டல் ஓட வேண்டும், டாக்டர் யேட்ஸ் துரத்த வேண்டும், லீமன் பெட்டஸ் நடுவர். மேடம் கர்னல் வேஷத்தில் ஓரமாக நின்று கையை ஆட்டினால் போதும்.

"இந்தத் தடவை கர்னல் உள்ள வர மாட்டாரு, சார்" என்றான் பையன். "எங்க வக்கீல் கையெழுத்தே வாங்கச் சொல்லிட்டாரு."

வெண்டல் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ட்வைலாவிடம் சொன்னார்.

"வேணாம்" என்றாள் ட்வைலா. "ரெண்டு முட்டியும் போச்சு. படியில ஏறவே பக்கவாட்டுல ஏறறே."

"அவனுக்கும் வயசாச்சுல்ல?"

"அவன் அட்டையைப் பாக்கறதில்லையா நீ? வருஷா வருஷம் மெடலைக் கழுத்துல போட்டுக்கிட்டு நிக்கறான். எந்த ஊர்ல ஓட்டப் பந்தயம் வச்சாலும் அங்க இருக்கான்."

"எனக்குத் தெரியணும், ட்வைலா. பிடிபட்டா பிடிபட்டேன். ஆனா தெரியணும்."

போனில் க்ளிஃப்டனோடு பந்தயமும் முடிவானது. வெண்டல் கோட்டைத் தாண்டினால் இனி அட்டையில் 'போய்ச் சேர்ந்திருப்பாய்' என்று எழுதுவார். பிடிபட்டால் வெண்டல் டெக்சர்கானா போய் நாற்காலியில் சாய்ந்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

இலையுதிர்காலம் முழுக்க வெண்டல் வீட்டுப் பின்புறத்தில் பயிற்சி எடுத்தார். பந்துக்குப் பதில் கையில் ஒரு முழு ஹாம், பன்றித் தொடை. துரத்துவதற்குப் பிஸ்கட் என்ற பக்கத்து வீட்டு நாய். ஹாமைப் பார்த்தால் அது துரத்தும் என்பதால் இந்த ஏற்பாடு. பிஸ்கட்டுக்குப் பல வயதாகிவிட்டது, ஒரு கால் டிராக்டரில் மாட்டி நொண்டி. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை கொட்டாவி விடும். ஆனாலும் துணி உலர்த்தும் கம்பத்தை அவர் அடைவதற்குள் ஒவ்வொரு தடவையும் பிடித்துவிட்டது. ட்வைலா பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லை" என்று வியர்க்க வியர்க்க உள்ளே வருவார் வெண்டல்.

"ஆமா, நல்லாத்தான் ஓடினே" என்பாள் அவள், பல் தடம் பதிந்த ஹாமை வாங்கிக் கழுவிக்கொண்டே. நவம்பர் முழுக்க அவர்கள் வீட்டில் ஹாம்தான்.

டிசம்பர் வந்தது. ஸ்டேடியம் இப்போதும் பாதி காலிதான், ஊறுகாய் ஜாடியும் இலவசம்தான். காலையில் ஒத்திகை. கமிட்டிப் பையன் ட்வைலாவுக்குப் புது வேஷத்தைக் காட்டினான். இப்போதெல்லாம் கர்னல் எடை குறைந்திருந்தார். கண்ணுக்கு நேரே அகலமாக வலை வைத்திருந்தார்கள். உள்ளிருந்து மைதானமே தெரிந்தது.

"கேபிள்லாம் எங்கப்பா போகுது?" என்று கேட்டாள் ட்வைலா.

"இப்ப கேபிளே கிடையாது, மேடம். எல்லாக் கேமராவும் கேபிள் இல்லாமத்தான். நீங்க பயப்படவே வேணாம்."

க்ளிஃப்டன் யேட்ஸ் அரை டிராயரில் வந்தார். வற்றல் போல மெலிந்து முறுக்கேறிய உடம்பு. வெண்டலைக் கண்டதும் கட்டிப்பிடித்துவிட்டு, நேராக வாயைத்தான் பார்த்தார்.

"டேய் ஹக்கபி, இன்னும் அப்படியேவா வச்சிருக்கே? என் தொழிலுக்கே அவமானம்டா இது!"

"நீ அட்டை அனுப்பறதை நிறுத்து, நான் பல்லைக் கட்டறேன்."

"இன்னிக்கு முடிஞ்சிரும். திங்கக்கிழமை காலைல உனக்கு முதல் நாற்காலி."

லீமன் பெட்டஸ் கோடு போட்ட பழைய சட்டையில் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். எண்பதைத் தாண்டிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்கப்பா. என்னைத்தான் நாப்பது வருஷமா மளிகைக் கடையில நிறுத்திக் கேக்கறானுங்க. என் பொண்டாட்டியோட அடக்கத்துல கேட்டான் ஒருத்தன். இன்னிக்காவது எனக்கும் ஒரு விடை கிடைக்கட்டும்" என்றார்.

இடைவேளை. பேண்டு வாத்தியக்காரர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். வெண்டல் பந்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். க்ளிஃப்டன் எங்கிருந்து கிளம்பினார் என்பதில் கமிட்டிக்குள் அடிதடி வரை போய், கடைசியில் இரண்டு கட்சிக்கும் நடுவில் ஓர் இடத்தில் கோடு கிழித்திருந்தார்கள். பன்னிரண்டு கெஜக் கோட்டுக்கு நேரே, மைதானத்துக்கு வெளியே, கர்னல் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் "ஊறுகா! ஊறுகா!" என்று கத்தியது. தன் பேரைச் சொல்லி யாராவது கத்துகிறார்களா என்று வெண்டல் காது கொடுத்துப் பார்த்தார். இல்லை.

லீமன் பெட்டஸ் விசிலை ஊதினார்.

வெண்டல் ஓடினார். முதல் சில எட்டுகள் ஏதோ கனவில் போல லேசாக இருந்தன. அப்புறம் முட்டிகள் இரண்டும் தங்கள் இருப்பைச் சொல்ல ஆரம்பித்தன. மூச்சு பல் ஓட்டையில் விசிலடித்தது. முன்னால் ஒரு ஜனம் கிடையாது. வெறும் புல், அதன் முடிவில் வெள்ளைக் கோடு. நாற்பது வருஷமாகத் தூங்குவதற்கு முன்னால் கண்ணை மூடினால் வருகிற அதே கோடு. 'இதோ, இதோ' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சீரான, அவசரமே இல்லாத சத்தம். அது நெருங்கிக்கொண்டே வந்தது. வெண்டல் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டிப் பார்த்தார். கோடு பக்கத்தில் வரவில்லை. க்ளிஃப்டனின் மூச்சு பிடரியில் பட்டது. 'பிடிச்சுட்டான்' என்று நினைத்தார். நினைத்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை, தாங்க முடியாத துக்கம்தான் வந்தது. முதுகில் சட்டையை ஒரு விரல் தொட்டது.

அந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து பச்சையாக ஒன்று பாய்ந்தது.

எழுபது பேர் வாசிக்கும் பேண்டில் டிரம்காரன் அனிச்சையாக ஒரு அடி அடித்தான். ஊறுகாயும் வெண்டலும் கட்டிப் புரண்டு ஓய்ந்தபோது வானம் தெரிந்தது. மிச்சமிருந்த பாதிப் பல்லும் வாயில் தனியாக உருண்டது. கர்னலின் தொப்பி போய்விட்டது. வலைக்குப் பின்னால் மிகப் பக்கத்தில் ட்வைலாவின் முகம் சிவந்து வியர்த்திருந்தது.

"என்ன பண்ணினே?" என்றார் வெண்டல்.

"கேபிள் தடுக்கிடுச்சு" என்றாள் ட்வைலா.

வெண்டல் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஓரக்கோடு வரைக்கும் வெறும் புல். அவர் திரும்பி அவள் கண்ணைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. நொண்டி நாய், ஹாம், ஜன்னல், 'நல்லாத்தான் ஓடினே' எல்லாம் அவருக்கு ஒன்றாகப் புரிந்தது. மொத்த லூசியானாவும் பார்த்துக்கொண்டிருக்க, கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் மீறி, அறுபது வயதில் ஒருத்தி ஊறுகாய் வேஷத்தில் தனக்காகப் பாய்ந்திருக்கிறாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடியுமா!" என்று கத்தினார் க்ளிஃப்டன், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "எந்தக் கேபிள்? எங்க இருக்கு கேபிள்?"

"பெரிய கேபிள்யா" என்றார் வெண்டல் படுத்தபடியே. "நானே பாத்தேன். இவ்வளவு தடிமன். நீ பாக்கலை?"

க்ளிஃப்டன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ட்வைலாவைப் பார்த்தார். வெண்டல் அவள் பச்சைக் கையை விடாமல் பிடித்திருந்ததையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பின்னால் லீமன் பெட்டஸ் இந்தத் தடவை யாரையும் கலந்து பேசவில்லை. ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் வானத்தை நோக்கி நேராகத் தூக்கினார். டச்டவுன்.

க்ளிஃப்டன் புல்லில் மண்டியிட்டார். "வாயைத் திற. அகலமா. ஐயோ, ஐயோ... திங்கக்கிழமை வா. ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா வந்து படு."

கோடு அங்கேயேதான் இருந்தது. எழுந்து நடந்தால் குழந்தைகூடத் தாண்டிவிடும். கமிட்டிப் பையன் ஓடிவந்து, படம் எடுக்க வசதியாக ஒரு தடவை நடந்து போய்த் தாண்டிவிடுங்கள் என்று கெஞ்சினான். வெண்டல் கோட்டை ஒரு பார்வை பார்த்தார். "வேணாம் தம்பி. அதான் ஆறு பாயின்ட் குடுத்தாச்சே" என்று சொல்லிவிட்டு, ஊறுகாயின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டு வழியாக வெளியே நொண்டிப் போனார்.

இப்போது அவருக்கு வெள்ளை வெளேரென்று ஒரு முழுப் பல் இருக்கிறது. சர்ச்சில் விசில் வருவதில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் டெக்சர்கானாவிலிருந்து அட்டை வந்தது: 'கேபிள் இல்லாவிட்டால் பிடித்திருப்பேன். அன்புடன், க்ளிஃப்டன்.' அதை ட்வைலா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்ட வந்தார். வீட்டுக்காரர் காபியோடு வந்து நின்றார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை, டிரக்கைப் பற்றி ஒரு வார்த்தை, அப்புறம் தொண்டையைக் கனைத்தார்.

"யாருக்குத் தெரியும்?" என்றார் வெண்டல். "ரெண்டு தடவையும் கேபிள் வந்துடுச்சே."

ஸ்பிரிங்கைத் தேவையான அளவுக்கு முறுக்கி நிறுத்தினார். அந்த வீட்டுக் கதவு மெதுவாக, சத்தமில்லாமல் மேலே போகிறது.